சூடு எங்கே போகும்

ஜூலையில் தலவாக்கலையில்
சுவருக்கும் ஜலதோஷம் பிடிக்கும்.
ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியுமாய் உட்கார்ந்து
ஒரு பெட்டியைக் குளிரவைக்க
எவ்வளவு முடியுமென்று கணக்குப் பார்க்கிறேன்.
சிரிக்காதே, டிலக்சனா.

காம்பிராவுக்குள் பதின்மூன்று பாகை.
பெட்டிக்குள், தீப்பெட்டியிலும் சிறிய தகட்டில்
தொண்ணூற்றாறு.
மஸ்கெலியாக் கலியாண வீடியோ
தாலி கட்டும் இடத்துக்கு வந்ததும்
முதல் முடிச்சில் ஒருமுறை
மூன்றாம் முடிச்சில் இருமுறை
கணினி அணைந்துவிட்டது.
மாப்பிள்ளையின் அம்மா தினமும் அழைக்கிறார்.
நான் மழையைக் குறை சொல்கிறேன்.

ஹட்டனில் அஸ்வரின் கடை.
மூடி முத்திரையிட்ட நீர்க் கூலரை
முதலில் எடுத்து வைத்தான்.
"உள்ளுக்குத் தண்ணி இருக்கு. ஆனா திறக்க ஏலாது."
தேங்காய் வாங்குகிறவள் மாதிரி
காதருகே வைத்துக் குலுக்கினேன்.
சத்தமே இல்லை.
பம்ப் போனால்?
"முழுசும் போகும்."
எத்தனை வருஷம்?
"அஞ்சு, ஆறு. உங்க ஊர்க் கரண்ட்டையும் பார்க்கணுமே."

அடுத்ததைக் கைபேசியில் காட்டினான்.
கொழும்பில் யாரோ ஒருவனின் பெட்டி.
கண்ணாடிக் குழாய் வளைந்து வளைந்து
நீலத் திரவம் சுற்றி வந்தது.
மனம் அங்கேதான் போனது, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் எங்கள் லயத்தில்
நாற்பது வீட்டுக்கு ஒரு பீலி.
மேல்மலை ஊற்றிலிருந்து வரும் குழாயை
சைக்கிள் டியூப் கிழித்துக் கட்டியிருக்கிறோம்.
குழாய் எங்கே கசியுமென்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை:
வளைகிற இடத்தில்,
பொருத்துகிற இடத்தில்,
ஆள் ஊரில் இல்லாத நாளில்.

"வருஷத்துக்கு ஒருக்கா தண்ணி மாத்தணும்,
பீலித் தண்ணி ஊத்தப் போடாது" என்றான்.
எங்கள் வாளிக்கு முறை வருவது
விடிய ஐந்தே காலுக்கு.
பெட்டிக்குத் தனித் தண்ணீரா என்று
நீதி பேசிய மனம்
அடுத்த மூச்சிலேயே விலையைக் கேட்டது.
கேட்டதும்
எனக்கு முன்னால் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டது.

கடைசியாய் அந்த இரட்டைக் கோபுரம்.
ஒன்றரைக் கிலோ.
ஆறு செப்புக் குழாய், அடுக்கடுக்காய் அலுமினியத் தகடு,
நடுவில் ஒரு ஃபேன்.
தொட்டியில் கொழுந்து வாட்ட
ராமுழுக்கத் தொழிற்சாலையில் காற்றூதுமே,
அந்த வேலைதான். ஊதிக்கொண்டே இருப்பது.
"ஃபேன் போனா ஃபேன் மட்டும்.
இங்கேயே எடுக்கலாம்."

காசை எண்ணும்போது அஸ்வர் சொன்னான்:
"எது வாங்கினாலும் சூட்டை அழிக்காது, அக்கா.
இடம் மாத்தும். அவ்வளவுதான்."

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
நடத்துநர் அடுப்பா என்று கேட்டார்.
ஒருவகையில், என்றேன்.

பூட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது
கோபுரம் இரண்டு மில்லிமீற்றர் உயரம்.
பக்கக் கதவு மூடவில்லை.
அளக்காமல் வாங்கியதற்கு என்னைத் திட்டிக்கொண்டு
கதவைக் கழற்றி
கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

அன்றிரவு எழுபத்தொன்றைத் தாண்டவில்லை.
மூன்று முடிச்சும் விழுந்தன.
அட்சதை விழுந்தது. யாரோ ஒரு பிள்ளை அழுதது.
பெட்டியின் முதுகிலிருந்து
இளஞ்சூடாய் ஒரு காற்று
கூரைத் தகரம் வரை போனது.

டிலக்சனா ஒன்றும் பேசாமல் எழுந்தாள்.
ஆணிக்கு ஆணி கயிறு கட்டினாள்.
நான்கு நாளாய் ஈரம் விடாத
ஆஸ்பத்திரி வெள்ளைக் காலுறை இரண்டு,
பிறகு ஒரு தலையணை உறை,
பிறகு, கொஞ்சம் யோசித்து, என் துண்டு.

காலையில் காலுறையை
கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.
போட்டுக்கொண்டு வாசல்வரை போனவள்
திரும்பி நின்று கேட்டாள்:

"அடுத்த கலியாணம் எப்ப?
போர்வை ஒன்று காயணும்."